உதடு ஒட்டாத குரல்

துரைக்கு இங்கிலீஷ் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆளைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இதை நம்பியதில்லை. ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டை முடி, பூனைக்கண், பத்து நிமிஷம் வெயிலில் நின்றால் தக்காளியாகிவிடும் மூக்கு. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கையை விசிறி, புருவத்தைத் தூக்கி, ஊமைப் பாஷையில் எங்கே போகணும் என்று கேட்பார். "ஆஸ்பத்திரி ஸ்டாப் ஒண்ணு குடுங்கண்ணே, சில்லறை சரியா இருக்கு" என்று இவர் சொன்னதும் மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த அறுபத்தொரு வயதுவரை இதே கூத்துதான்.

கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தவர். ரயில் பாதை போட வந்த கூட்டத்தில் இரும்படிக்கிற ஆள். வேலை முடிந்து மற்றவர்கள் மூட்டை கட்டியபோது இவர் விஷக்காய்ச்சலில் கிடந்தார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவளையே கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். அவரோடு அவர் பாஷையும் மண்ணுக்குள் போயிற்று. அவர் வம்சத்தாரும் அவரைப் போலத் தங்கிவிட்ட இரண்டு மூன்று குடும்பத்தாரும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததில் நிறம் மட்டும் விடாப்பிடியாக வந்துகொண்டிருந்தது. துரையின் அம்மா குழாயடியில் போட்ட சண்டையை ஒருநாள் கேட்டிருந்தால் போதும், இங்கிலீஷ் என்ற பேச்சையே எடுக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட வாய். அந்த வாய்தான் பிள்ளைக்கும் வந்தது.

துரை என்பதுகூட அவர் பெயர் இல்லை. லேத் பட்டறையில் கூட வேலை பார்த்தவர்கள் வைத்தது. எண்ணெய்க் கறையோடு அவர் டீக்கடையில் நிற்கும்போதுதான் ஒரு சினிமாக்காரர் பார்த்தார். மறுநாள் படப்பிடிப்புக்கு வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வேண்டும், வரவேண்டியவர் வரவில்லை. "நடிக்கத் தெரியுமா?" என்று கேட்கவில்லை. "தொப்பி சைஸ் என்ன?" என்றுதான் கேட்டார்.

இருபத்துநாலு வயதில் போட்ட தொப்பி. முப்பத்தேழு வருஷம் கழற்றவே இல்லை. தூக்கில் போடச் சொல்லும் கலெக்டர், வில்லனிடம் பெட்டி வாங்கிக்கொண்டு கப்பலேறும் கடத்தல்காரன், கதாநாயகனுக்கு மூளை ஆபரேஷன் செய்து "காட் இஸ் கிரேட்" சொல்லும் டாக்டர், சுற்றுலா வந்த இடத்தில் பிணமாகக் கிடப்பவர். நூற்றுப் பத்துப் படத்துக்கு மேல் இருக்கும். இதில் ஒன்றில்கூட அவர் குரல் கிடையாது. முதல் நாளே அவர் வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்தபோது இயக்குநர் பதறிப்போனார்.

"ஐயய்யோ, என்னப்பா இது, பால்காரன் மாதிரிப் பேசுறே? வசனமெல்லாம் வேணாம் துரை. ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிக்கிட்டே இரு. உதடு அசைஞ்சாப் போதும். குரலுக்கு வேற ஆளு இருக்கு."

அன்றிலிருந்து அதுதான் அவர் வசனம். கோபமான காட்சி என்றால் ஒன்றிலிருந்து பத்துவரை பல்லைக் கடித்துக்கொண்டு. சாகிற காட்சி என்றால் நாலோடு நிறுத்திவிட வேண்டும். வயிறு எரியாதா மனுஷனுக்கு?

குரல் கொடுத்த அந்த வேற ஆளை எல்லோரும் வாய்க்காரர் என்பார்கள். ஐந்தடி உயரம், முழு வழுக்கை, துரை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பு. வெள்ளைக்காரன் நம் பேச்சைக் கடித்துக் குதறினால் எப்படி இருக்குமோ அப்படிப் பேசுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அவரும் ஜென்மத்தில் ஒரு வெள்ளைக்காரன் பேசிக் கேட்டதில்லை. தனக்கு முன்னால் டப்பிங் பேசிய இன்னொரு உள்ளூர்க்காரரிடம் கற்றுக்கொண்டார். அந்த முன்னவர் யாரிடம் கற்றாரோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

நாடகத்தில் பார்க்கலாம் என்று துரை அங்கேயும் போனார். மேடையில் டப்பிங் கிடையாதே, சொந்த வாயால் பேசித்தானே ஆகணும்? பேசினார். மணி மணியாகப் பேசினார். மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "டேய், திரைக்குப் பின்னாடி எவனோ ஒளிஞ்சு பேசுறான்டா!" என்று கத்தினான். அரங்கம் கொல்லென்று சிரித்தது. இரண்டு பேர் நிஜமாகவே மேடையேறித் திரையை விலக்கிப் பார்த்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு அந்த நாடகத்தில் சிலை வேஷம்.

நாடகத்தால் ஒரே ஒரு நல்லது நடந்தது. அந்த அரங்கத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண், கம்பி போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்தபடி, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒத்திகைக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். முகத்தைப் பார்க்கும் முன்பே குரலைப் பிடித்துப்போயிற்று. முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்தாளாம், அதைப் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "அந்த வெள்ளைக்காரனுக்கா கழுத்தை நீட்டப் போறே?" என்று அவள் அப்பா குதித்தார். "அவர் வாயைத் திறந்தா அப்படித் தெரியலப்பா" என்றாள். அதுதான் அவர்கள் கல்யாணக் கதை. குழந்தை இல்லை. அது ஒரு குறையாக இருந்து, ஆறி, அப்புறம் பழகிவிட்டது.

சர்க்கரை வியாதியில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இரண்டு கண்ணும் போயிற்று. முதலில் ஓரம் மங்கியது, பிறகு நடுவில் கறுப்பு விழுந்தது, பிறகு ஒன்றும் இல்லை. ஆனாலும் துரை நடித்த படம் வந்தால் தியேட்டருக்குக் கிளம்பிவிடுவாள். இவர் காட்சி வரும்போது அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். இப்போ நான் என்று அர்த்தம். திரையிலிருந்து வாய்க்காரர் கத்துவார். அவள் சிரித்துக்கொண்டே, "உங்க பங்காளி நல்லாத்தான் கத்துறார்" என்பாள். வெளியே வரும்போது மட்டும் கொஞ்சம் பேசாமல் நடப்பாள்.

ஒருநாள் சொல்லியேவிட்டாள். "என்னங்க, கண்ணு போனது போகட்டும். ஒரே ஒரு தடவை தியேட்டர்ல உங்க குரலைக் கேட்டுட்டா எனக்குப் போதும். அத்தனை பேரோட உட்கார்ந்து கேட்கணும்."

"பார்க்கலாம்மா" என்றார் இவர். அறுபது வயதுக்கு மேல் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

அப்படியிருக்க, ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் ஒரு சண்டை வந்தது. கண்ணுக்கு ஊற்றுகிற சொட்டு மருந்து மூன்று வாரமாக இல்லை. துரை கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இல்ல, இல்லன்னா எதுக்குய்யா சீட்டு எழுதிக் குடுக்குறீங்க? வீட்டுல ஒருத்தி கண்ணைக் கசக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கா, அவகிட்ட போய் நாளைக்கு வான்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று பிடி பிடி என்று பிடித்தார். அம்மாவின் குழாயடி வாய் அப்படியே வந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். முப்பது வயதிருக்கும். இரண்டு குறும்படம் எடுத்து, முதல் பெரிய படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த இயக்குநர்.

"சார், நீங்க கீழ்வீட்டுப் பெரியவரா நடிக்கணும்" என்றாள்.

"கலெக்டரா, டாக்டரா?"

"ரெண்டும் இல்ல சார். சும்மா ஒரு கீழ்வீட்டுப் பெரியவர். பெண்டாட்டி செத்துட்டா. மாடியில குடியிருக்கிறவங்ககிட்ட பேசிக்கிட்டே இருப்பார். நீங்க இப்பப் பேசினீங்களே, இதே மாதிரி."

"குரல் யாரு?"

"நீங்கதான் சார். வேற யாரு?"

அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். சொட்டு மருந்துச் சண்டையே மறந்துபோயிற்று.

வசனக் காகிதம் வந்த நாளிலிருந்து வீடு வீடாக இல்லை. இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, அதற்குள் இவர் நடந்துகொண்டே படிப்பார். அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்பாள். பத்து நாளில் முழுக் காகிதமும் அவளுக்கு மனப்பாடம். இவர் தடுக்கினால் அவள் எடுத்துக்கொடுப்பாள். படத்தின் உயிரே ஒரு இடத்தில் இருந்தது. பெரியவர் மாடிவீட்டுப் பெண்ணிடம் சொல்வார்:

"அவ இருந்தவரைக்கும் தொணதொணன்னு பேசிக்கிட்டே இருப்பா. வாயை மூடுடின்னு திட்டுவேன். இப்பக் குழாய் சொட்டுது. மூட மனசு வரலம்மா. அதாவது பேசிக்கிட்டு இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"திட்டுவேன்கிற இடத்துல லேசா சிரிங்க" என்று அவள் திருத்தினாள். "அழுதுக்கிட்டே சொல்லாதீங்க. நீங்க சிரிச்சீங்கன்னா கேட்கிறவன் அழுதுடுவான்."

அவள் சொன்னபடியேதான் செய்தார். ஒன்பது நாள் படப்பிடிப்பு. முதல் நாள் கேமரா ஓடியதும் பழக்கதோஷத்தில் "ஒண்ணு, ரெண்டு" என்று ஆரம்பித்துவிட்டார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில், பஞ்சு ஒட்டிய சுவருக்கு நடுவே, காதுக்கருவி மாட்டிக்கொண்டு, தன் முகத்துக்குத் தானே முதல்முறையாகக் குரல் கொடுத்தார். குழாய் வசனம் முடிந்ததும் ஒலிப்பதிவாளர் எழுந்து, "டீ குடிச்சுட்டு வரேன்" என்று யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார்.

வீட்டில் அவள் அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். "இந்தப் படத்துல அவர் குரல். அவரே பேசியிருக்கார்." தையற்காரி, மாடிவீட்டு அக்கா, தன் தம்பி, ஒருத்தர் பாக்கியில்லை. தியேட்டருக்குக் கட்டிக்கொண்டு போகப் புடவையை எடுத்துத் தனியாக வைத்துவிட்டாள்.

வெளியீட்டுக்கு முன்னால் படத்தின் முதலாளி நாற்பது பேரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். ஆளுக்கொரு சீட்டு, பென்சில். பிடித்தது பிடிக்காதது எழுதலாம். சொல்லிவைத்தாற்போல இருபத்தாறு பேர் ஒரே குறையை எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரருக்கு டப்பிங் சரியில்லை. யாரோ உள்ளூர் ஆள் பேசியிருக்கிறார், உதடு ஒட்டவில்லை.

கேட்டீர்களா அநியாயத்தை! சொந்த உதட்டுக்குச் சொந்தக் குரல் ஒட்டவில்லையாம். முப்பத்தேழு வருஷம் ஒன்று ரெண்டு மூன்று சொன்ன வாய்க்கு இன்னொருத்தன் குரல் கனகச்சிதமாக ஒட்டியது. அப்போது ஒட்டவில்லை என்று எவனும் ஒரு சீட்டு எழுதவில்லை.

இயக்குநர் பெண் மறுநாள் துரையை டீக்கடைக்குக் கூப்பிட்டாள். வீட்டுக்கு வர அவளுக்குத் தைரியம் இல்லை. கண் வீங்கியிருந்தது.

"சார், நான் எவ்வளவோ மல்லுக்கட்டிப் பார்த்துட்டேன். பெரியவரை வெளிநாட்டுக்காரர்னே வச்சிக்கலாம், பேச்சை மட்டும் மாத்துங்கன்னு முதலாளி ஒத்தைக்கால்ல நிக்கிறார். இல்லன்னா உங்க காட்சி மொத்தமும் தூக்கிடுவாராம்."

"வாய்க்காரரைக் கூப்பிட்டாச்சா?"

"கூப்பிட்டாச்சு. வரமாட்டேன்னுட்டார். அந்தாள் வாயில இருந்ததை முப்பத்தேழு வருஷம் பிடுங்கித் தின்னாச்சு, இது ஒண்ணை விட்டுடுறேன்னார்." அவள் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "புதுசா ஒரு பையன் இருக்கான். இல்லன்னா, சார், நீங்களே பேசிடுங்க. வெள்ளைக்காரர் மாதிரி. குரலாவது உங்களோடதா இருக்கும்."

துரை டீயை முழுக்கக் குடித்து முடித்தார். அவருக்கு அந்தப் புடவைதான் கண்முன்னால் நின்றது. எவனோ ஒருத்தன் பேசினால் அவளுக்குக் கொடுத்த வாக்கு மொத்தமாகப் போயிற்று. தானே பேசினால் அதில் பாதியாவது நிற்கும் என்று தோன்றியது. அந்த நேரத்துக் கணக்கு அது. தப்பு என்று நமக்குத் தெரிகிறது, அவருக்கு எப்படித் தெரியும்?

"நானே பேசுறேம்மா" என்றார். "ஆனா எனக்கு அப்படிப் பேச வராதே."

நேராக வாய்க்காரர் வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் வாய்க்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெள்ளைக்காரனுக்கு வெள்ளைக்காரப் பேச்சு நான் சொல்லித்தரணுமா? இந்தக் கொடுமையை எங்கய்யா போய்ச் சொல்றது!"

"சிரிக்காதீங்க பங்காளி."

"சிரிக்கலய்யா" என்றார் வாய்க்காரர். உண்மையிலேயே அவர் சிரிக்கவில்லை.

வித்தை என்னவென்றால் ஒரு சட்டைப் பொத்தான். அதை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நாக்கு நினைத்த இடத்துக்குப் போகாது. மூச்சில் பாதியை மூக்கு வழியாக விட வேண்டும். குரலைக் கொஞ்சம் மேலே தூக்கி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேள்வி கேட்பதுபோல் இழுக்க வேண்டும். துரை நாலு நாள் பழகினார். பொத்தானை இரண்டு தடவை விழுங்கிவிட்டார். நாலாம் நாள் மாலை வாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "என்னைத் தாண்டிட்டேய்யா" என்று சொல்லி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வரும்போது துரை பொத்தானைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒலிப்பதிவு இரண்டு நாள். குழாய் வசனத்தை மட்டும் நாற்பது தடவைக்கு மேல் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் "திட்டுவேன்" என்ற இடத்தில் அவள் சொன்ன சிரிப்பு தானாக வந்துவிடும். அது உள்ளூர்ச் சிரிப்பாக இருக்கிறது, வேண்டாம் என்றார் முதலாளி. கடைசியில் அந்தச் சிரிப்பும் போயிற்று. போன தடவை டீ குடிக்க எழுந்துபோன அதே ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலைக் காட்டினார். "இப்பத்தான் சார் உதடு கச்சிதமா ஒட்டுது!" பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார். நடிப்பு என்று பார்த்தால் துரை வாழ்க்கையில் நிஜமாக நடித்தது அந்த இரண்டு நாள்தான்.

படம் வெளியான அன்று பகல் காட்சி. அவள் தம்பி தன் டாக்சியில் கூட்டிக்கொண்டு வந்து, "அத்தான், இன்னிக்கு நீங்கதான் ஹீரோ" என்று இறக்கிவிட்டுப் போனான். எடுத்துவைத்த புடவையைக் கட்டியிருந்தாள். துரை வழியெல்லாம் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று பார்த்தார். படி ஏறும்போது, "பதினெட்டு, பத்தொம்பது" என்று அவள் உற்சாகமாக எண்ணிக்கொண்டு வந்தாள். சொல்ல வாய் வரவில்லை.

பெரியவர் திரையில் வந்தார். துரை அவள் மணிக்கட்டில் தட்டவில்லை. கீச்சுக் குரலில், மூக்கால், இழுத்து இழுத்து ஒரு பேச்சு வந்தது. தியேட்டர் சிரித்தது. அவளும் யாரோ என்று நினைத்து லேசாகச் சிரித்தாள்.

"இந்தக் கோமாளி யாரு? நீங்க எப்ப வருவீங்க?"

"வருவேன்."

இரண்டு மூன்று காட்சியில் வந்தவையெல்லாம் புதிதாக எழுதிச் சேர்த்த வரிகள். அவள் அடையாளம் காண ஒன்றும் இல்லை. பிறகு அந்த இடம் வந்தது.

"அவள் இர்ருந்தது வரைக்கும்... டொணடொண பேசுது. நான் டிட்டுவேன்... இப்போ கொலாய் சொட்டுது. மூடறதுக்கு மன்சு வர்லே..."

முன்வரிசையில் ஒருவன் "கொலாய்!" என்று திருப்பிச் சொன்னான். தியேட்டரே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கை துரையின் கையைத் தேடி இறுக்கிப் பிடித்தது. அவ்வளவு இறுக்கமாக அவள் பிடித்து எத்தனையோ வருஷம்.

"என்னங்க, இது உங்க வசனமாச்சே. உங்க குரலை எடுத்துட்டாங்களா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாவி, எவன் இவன்? கட்டையில போறவன், நாசமாக்கிட்டானே! சிரிக்கிற இடத்துல சிரிக்கக்கூடத் தெரியல. இவனெல்லாம் ஒரு மனுஷனா? யாருங்க இவன்?"

"யாரோ புதுசா ஒருத்தன்" என்று அவள் காதருகே கிசுகிசுத்தார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பார்வை போனாலும் அழ முடிகிறதே என்று அவருக்கு அப்போது பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் அவர் பக்கம் சாய்ந்தாள். குரல் மாறியிருந்தது, சமாதானம் செய்கிற குரல்.

"போகட்டும், விடுங்க. உங்க தலையெழுத்து அப்படி. நீங்க எனக்காக ஒரு தடவை அதைச் சொல்லுங்க. இங்கயே. மெதுவா. இத்தனை பேர் நடுவுல இருந்து கேட்ட மாதிரி இருக்கும்."

துரை வாயைத் திறந்தார். வசனம் நாக்கு நுனிவரை வந்தது. எந்த நாக்கு என்று அவருக்கே தெரியவில்லை. நாற்பது தடவை பொத்தானோடு சொன்ன நாக்கு. முதல் எழுத்து இழுத்துக்கொண்டு வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், இவ்வளவு நேரம் அவள் சபித்தது யாரை என்று.

"சொல்லுங்களேன். சொல்றீங்களா, இந்தச் சத்தத்துல எனக்குத்தான் காதுல விழலயா?"

தியேட்டரில் மறுபடியும் சிரிப்பு எழுந்தது. அந்தச் சத்தத்தில், அவள் காதுக்கு நேராக வாயைக் கொண்டுபோய், முப்பத்தேழு வருஷம் செய்ததையே செய்தார். ஒன்று. இரண்டு. மூன்று. உதடு மட்டும் அசைந்தது. மூச்சு காதில் பட்டதும் அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"ஒண்ணுமே கேட்கலங்க" என்றாள். "சனியன் பிடிச்சவங்க, சிரிச்சே கொல்றாங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க."